எடைமேடையும் என் பேத்தியின் புத்தி விவரமும்

மரக்காணம் கத்தோலிக்கப் பங்கில் எனக்கு இருந்த இடம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தவற்றின் அளவு வாசகர்களுக்குப் பிடிபடாது. நான் வரலாற்றில் பட்டம் பெற்றவன். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து, ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவன். ஊரார் என்னைத் 'தாசில்தார் சார்' என்பார்கள். 'துணை' என்ற சொல்லை அவர்களாகவே விட்டுவிட்டார்கள். அன்போடு கொடுப்பதைக் குறைத்துக் கேட்பது நாகரிகமல்ல என்பதால் நானும் திருத்தியதில்லை. பங்குப் பேரவையின் துணைத் தலைவர் நான். ஞாயிறு இரண்டாம் பூசையில் முதல் வாசகம் வாசிப்பவனும் நான். என் வாசிப்பில் லகரமும் ழகரமும் ஒன்றையொன்று தொட்டதில்லை.

இப்படிப்பட்ட ஒருவனின் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, "காலி வண்டி சார்" என்று சொல்லும் துணிவு இந்தக் கடற்கரையில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பெயர் எடைமேடை.

விழுப்புரம் மாவட்டத்தில் எடைமேடையைப்போல் குழந்தைகளைப் பாவத்திலிருந்து காப்பாற்றியவர் எவரும் கிடையாது. ஆயர்களையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் ஒழுக்கம் போதித்துக் காப்பாற்றவில்லை. 'இவனுக்குப் பாவம் செய்கிற தகுதியே இன்னும் வரவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிக் காப்பாற்றினார். இவ்வளவு மலிவாக மோட்சத்தை விநியோகம் செய்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது யாருக்கும் தெரியாது. வாக்குச்சாவடியில்கூட, "எடைமேடை வந்துட்டாரு, வழி உடுங்க" என்றுதான் முகவர்கள் சொல்வார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளங்களிலிருந்து வரும் லாரிகளை நிறுத்தி எடை போடும் இரும்பு மேடை ஒன்று உண்டு. பக்கத்துத் தகரக் கொட்டகையில் அவர் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. போகும்போது காலி வண்டியை ஏற்றுவார். உப்போடு திரும்பும்போது மறுபடி ஏற்றுவார். இதில் அதைக் கழித்தால் உப்பு. இந்த ஒரே கணக்கைக் கொண்டு உலகத்தையே விளக்கிவிடலாம் என்று அவர் நம்பினார்.

சித்திரை வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை. கழுத்தில் ஒரு செபமாலை. அதோடு பின்னிக்கொண்டு, லாரிகளுக்கு ஊதும் விசில். கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் பார்த்தால், "நகையக் கழிச்சிப் பாக்கணும்" என்பார். ஒரு திருவிழாவில், வெளியூரிலிருந்து வந்திருந்த பெரிய பிரசங்கியாரின் நீண்ட உரை முடிந்ததும் என் காதருகே குனிந்து, "வண்டி பெருசு சார், லோடு கம்மி" என்றார். நான் சிரிக்கவில்லை. அந்தப் பிரசங்கியாரை அழைத்து வந்தது நான்.

இந்த மனிதர் கையில் குழந்தைகளின் ஆன்மா எப்படி வந்தது என்று கேட்பீர்கள். புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயாரித்துக்கொண்டிருந்த ஆசிரியை, மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 'யார் எடுத்து நடத்துவது' என்று பங்குத்தந்தை பேரவையில் கேட்டபோது உறுப்பினர்கள் அனைவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பின் வரிசையில் எடைமேடை எழுந்து, "நான் பாத்துக்கறேன் ஃபாதர்" என்றார். அவரை முன்மொழிந்தது நான் என்று இன்றைக்கும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு விளங்கும்.

இங்கே மற்ற சமயத்து வாசகர்களுக்காக ஒரு செய்தி. நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தறியும் அறிவு வரும்வரை ஒரு குழந்தை செய்யும் எதையும் பாவம் என்று திருச்சபை சொல்வதில்லை. அந்த அறிவுக்குப் புத்தி விவரம் என்று பெயர். ஏழு வயது நிறைந்தால் அது வந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது சட்டம். அது வந்த பிள்ளை குருவிடம் தன் பாவங்களைச் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்து, முதன்முறையாக நன்மை என்னும் திருவப்பத்தை வாங்கும்; அதுவே புதுநன்மை. வெள்ளைச் சட்டை, தலையில் பூமுடி, கையில் மெழுகுத்திரி, மதியம் பிரியாணி. பன்னெடுங்காலமாக இது இப்படியே நடந்துவந்தது, உலகம் அழிந்துவிடவில்லை.

எடைமேடைக்கு அந்த ஏழு பிடிக்கவில்லை.

"ஏழாவது பொறந்தநாளுக்கு ஒரு பையன் கேக் வெட்றான் ஃபாதர். மெழுகுவத்திய ஊதறதுக்கு முன்னால தங்கச்சிய அடிச்சா பாவமில்ல. ஊதிட்டு அடிச்சா பாவமா?"

பங்குத்தந்தை இளைஞர். குருமடத்தில் இந்தக் கேள்வி வரவில்லை போலும். "அப்படி இல்லண்ணே, அது பொதுவா சொல்றது," என்றார்.

"பொதுவா எடை போட்டா முதலாளி ஒத்துக்குவாரா ஃபாதர்? ஒவ்வொரு வண்டியும் மேடையில ஏறி எறங்கணும்."

ஏற்றி இறக்கினார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக எதிரே நிறுத்துவார்.

"டேய், என்னா தப்பு பண்ண, சொல்லு."

பையன் ஒரே மூச்சில், "காலை செபம் மாலை செபம் சொல்லல, பொய் சொன்னேன், பெரியவங்களுக்குக் கீழ்ப்படியல" என்பான்.

"என்னா பொய் சொன்ன?"

"அது புக்குல போடலீங்க."

"காலி வண்டி. அடுத்தது வா."

அடுத்தவன் தன் தம்பி செய்த அக்கிரமங்களை விரிவாக எடுத்துரைப்பான். "அவன் லோட எதுக்கு நீ ஏத்திக்கினு வர்ற? எறங்கு" என்று அவனும் திருப்பி அனுப்பப்படுவான். பிறகு எந்தப் பிள்ளைதான் தேறும் என்று ஒருநாள் கேட்டேன்.

"சொல்ல வருவான் சார். வாய் வராது. எச்சிய முழுங்குவான். தரையப் பாப்பான். அது லோடு."

பத்துக் கட்டளைகளையும் தெளிவாகச் சொல்லும் பிள்ளை தோற்பதும், ஒன்றும் சொல்லாமல் எச்சில் விழுங்கும் பிள்ளை தேறுவதுமான ஒரு தேர்வை இந்தியாவின் வேறெந்த வாரியமும் இதுவரை நடத்தவில்லை.

முதல் ஆண்டிலேயே புதுநன்மை வரிசை பாதியாகக் குறைந்தது. வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்த பெற்றோர் கொதித்தார்கள். மீன் வியாபாரம் செய்யும் ஸ்டெல்லா, கூடையை இடுப்பில் வைத்தபடியே எடைமேடைக்கு நேராகப் போய் நின்றாள்.

"எம்புள்ள ஸ்கூல்ல ரெண்டாவது ரேங்க். அவனுக்கா புத்தி வரல? உனக்கு வந்துச்சா யா?"

"எனக்கு வந்து ரொம்ப நாளாவுதும்மா. அதான் தூக்கம் வராம கெடக்கறேன். உம்புள்ள இன்னும் ஒரு வருசம் தூங்கட்டும், உடு."

"நாலு பேரு கேட்டா நான் என்னா சொல்றது?"

"எம்புள்ள சம்மனசுன்னு சொல்லு. பொய்யில்ல."

தன் மகனைத் தேவதூதன் என்று அழைத்த ஒருவரை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் ஸ்டெல்லா திரும்பிப் போனாள். அந்தத் தேவதூதன் அடுத்த வாரம் பேரவைக் கூட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த மெதுவடைத் தட்டருகே நின்று, இரு கைகளாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்காமல் எடுப்பது தவறில்லையா என்று கண்டிப்புடன் கேட்டேன்.

"எனக்கு இன்னும் வரலீங்க சார். எடைமேடை அண்ணன் சொல்லிட்டாரு. அடுத்த வருசந்தான்." இதைச் சொல்லிவிட்டுச் சட்னியையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் எடைமேடைக்கு உப்பைப் பற்றி ஒரு சித்தாந்தம் இருந்தது. பழைய முறையில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது குழந்தையின் நாக்கில் ஞானத்துக்கு அடையாளமாகச் சிறிது உப்பு வைப்பார்கள். இப்போது அந்தச் சடங்கு இல்லை. அதனால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புத்தி விவரம் தாமதமாக வருகிறது என்பது அவருடைய முடிவு. "அதுவும் பாக்கெட் உப்பு துன்ற வூட்டுப் புள்ளைங்களுக்கு இன்னும் லேட்டாவும் சார். அளத்துல வேலை செய்யறவங்க புள்ளைங்களப் பாருங்க, அஞ்சு வயசுக்கே தரையப் பாக்குது." ஒரு ஞானஸ்நானத்தின்போது, தண்ணீர் ஊற்றி முடிந்து ஃபாதர் திரும்பிய கணத்தில், சட்டைப்பையிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்துக் குழந்தையின் உதட்டில் தொட்டுவிட்டார். குழந்தை எழுப்பிய கூச்சலைக் குழந்தையின் மாமன் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட்டான். 'ஞானம் வந்துவிட்டது' என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். பேரவை சார்பில் எடைமேடையைக் கண்டித்தேன். "சரி சார்" என்றார். கண்டிக்கப்படுவதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது என் பேத்திக்கு வருகிறேன்.

என் மகன் ஆரோவில்லில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறான். மருமகள் பள்ளி ஆசிரியை. அவர்களுடைய ஒரே மகள் ஷெரினுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தது. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், உத்தம மனஸ்தாப மந்திரம் அனைத்தையும் நானே உட்கார்ந்து கற்பித்திருந்தேன். திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் உறவினர்கள் வருவதாக இருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தருகே ஃப்ளெக்ஸ் வைத்தாகிவிட்டது. அதில் குழந்தையின் படத்தைவிட என் படம் சற்றுப் பெரியதாக இருந்தது உண்மைதான். வடிவமைத்தவரின் முடிவு அது.

எடைமேடையின் தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை மருமகள் சமையற்கட்டிலிருந்து வெளியே வராமலே சொன்னாள்: "மாமா, நம்ம ஷெரின எடைமேடை வேணான்னுட்டாராம்."

நான் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே எடைமேடைக்குப் போனேன். ஒரு லாரி ஏறிக்கொண்டிருந்தது. அது இறங்கும்வரை அவர் என்னை நிற்க வைத்தார். அரசு ஊழியரை லாரிக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைத்த முதல் ஆள் அவர்தான்.

"என் பேத்தியிடம் என்ன குறை கண்டீர்?"

"குறை ஒண்ணும் இல்ல சார். அதான் குறை. காலி வண்டி."

"என் முன்னிலையில் மறுபடி கேளும்."

கேட்டார். என் வீட்டு முன்னறையில், நான் என் நாற்காலியில் இருக்க, ஷெரின் நடுவில் நின்று பத்துக் கட்டளைகளையும் பிசிறில்லாமல் சொன்னாள். ழகரம் வந்த இடத்திலெல்லாம் என் நெஞ்சு நிமிர்ந்தது.

"நல்லா சொன்ன பாப்பா. இதுல நீ எதச் செஞ்ச?"

"எதுவும் செய்யல."

"ஒண்ணு கூடவா?"

"எங்க வீட்ல யாரும் பாவம் செய்ய மாட்டாங்க. தாத்தா சொல்லியிருக்காரு."

பதிலாக அதில் பிழை ஒன்றும் இல்லை. குடும்பத்தின் மரியாதையைப் பற்றி அவ்வப்போது நான் சொல்லிவந்ததைக் குழந்தை சற்றுச் சுருக்கிக்கொண்டது, அவ்வளவே. எடைமேடை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதைக் குறைவு இருந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது.

"இங்க எல்லா வண்டியும் காலியா சார்?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். வாசலில் நின்று குழந்தையிடம் திரும்பி, "பாப்பா, உனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணு இருக்கறப்ப வா" என்றார்.

கடைசியில் சொன்ன அந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள். அப்போது நான் வைக்கவில்லை. நான் ஃபாதரைப் பார்க்கப் போவதில் முனைப்பாக இருந்தேன். சட்டம் என் பக்கம் இருந்தது. ஏழு நிறைந்திருந்தது. ஃப்ளெக்ஸும் நின்றிருந்தது. ஃபாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "சரிங்க சார், பாப்பா வாங்கட்டும். அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நான் வென்றுவிட்டேன். அதைப் பேரவையிலும் தெரிவித்தேன்.

புதுநன்மைக்கு முந்தைய நாள், சனிக்கிழமை காலை, எடைமேடை என் வீட்டுக்கு வந்தார். ஷெரினின் கையைப் பிடித்திருந்தார். அவள் சாலை தாண்டி அவ்வளவு தூரம் தனியாகப் போயிருக்கிறாள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

"பாப்பா வந்து மேடைமேல நின்னுச்சு சார். லாரி வருது, எறங்குன்றேன். எறங்க மாட்டேங்குது. விசில் ஊதறேன், அசைய மாட்டேங்குது. என்னா பாப்பான்னு கேட்டா வாய் வரல. எச்சிய முழுங்குது." அவர் நிறுத்தினார். "தரையப் பாக்குது சார்."

நடந்தது இது. தன்னோடு படித்த மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஏதோ இருந்தது. ஷெரினுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு ஃபாதர்முன் மண்டியிடுவதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே ஒரு பாவம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தாள். நான் கற்பித்த வரிசையிலேயே கட்டளைகளைப் பரிசீலித்திருக்கிறாள். முதல் மூன்றும் கடவுளுக்கு உரியவை, தொடுவதற்குப் பயம். நான்காவது தாய்தந்தை, அவர்கள் திட்டுவார்கள். ஐந்தாவது கொலை. ஆறாவது விளங்கவில்லை. ஏழாவது திருட்டு. அது கைக்கு எட்டும்போல் இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் உப்பளம். வெள்ளிக்கிழமை மதியம், வேலை செய்யும் பெண்கள் கொட்டகையில் சோறு தின்ன உட்கார்ந்திருந்தபோது, செல்வி என்பவள் வரப்பில் கழற்றி வைத்திருந்த ரப்பர் பூட்ஸை ஷெரின் எடுத்திருக்கிறாள். எடுத்தபின் அதை என்ன செய்வது என்று தெரியாமல் உப்புத்தண்ணீர் வாய்க்காலில் எறிந்துவிட்டாள். ஒரு பாவம் தயார். வீட்டுக்கு வந்துவிடலாம் என்று திரும்பியவள், என்னதான் ஆகிறது என்று பார்க்க நின்றுவிட்டாள். அதுதான் வினையாயிற்று.

"செல்வி அக்கா தேடுனாங்க தாத்தா. கெடைக்கல. கால்ல துணியக் கட்டிக்கினு எறங்கிட்டாங்க. உப்பு குத்துச்சு. சாயங்காலம் நொண்டிக்கினு போனாங்க."

"அதை அப்போதே வீட்டில் சொல்லியிருக்கலாமே?"

"நம்ம வீட்ல யாரும் செய்ய மாட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

இதற்கு என் மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

எடைமேடையின் முகத்தில் நான் வெற்றியை எதிர்பார்த்தேன். அதற்குரிய பதிலையும் மனத்துக்குள் தயாரித்துவிட்டிருந்தேன். ஆனால் அந்த மனிதர், தன் லாரியே கவிழ்ந்துவிட்டதைப்போல் உட்கார்ந்திருந்தார்.

"என்னாலதான் சார். ஒண்ணு இருக்கறப்ப வான்னு சொல்லிட்டேன். பாப்பா தேடிப் போயி எடுத்துக்கினு வந்துடுச்சு."

"ஆம். உம்மால்தான்," என்றேன்.

"ஆமா சார்," என்றார்.

அவர் என்னோடு வாதத்தில் உடன்பட்டது அதுவே முதல் தடவை. எனக்கு அது கொஞ்சமும் மகிழ்ச்சி தரவில்லை. எதிர்க்காத எடைமேடை, உப்பில்லாத சோறுபோல இருந்தார்.

மூவரும் உப்பளத்துக்குப் போனோம். வழியில் ஹார்டுவேர் கடையில் புது பூட்ஸ் வாங்கிய பிறகும், எடைமேடை காக்கிக் கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிப் பழையதைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. அந்த ஒற்றை பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அதையும் கையில் பிடித்துக்கொண்டே வரப்பில் நடந்தார். நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் நடந்தேன். ஊரில் பாதிப்பேர் பார்த்தார்கள்.

செல்வி பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். கால்களில் பழைய சேலைத் துணி. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "என்னா சார், இவ்ளோ தூரம்?" என்றாள்.

ஷெரின் புது பூட்ஸை நீட்டினாள். தரையைப் பார்த்தபடி, "நான்தான் அக்கா தூக்கிப் போட்டேன்" என்றாள்.

"நீயா? நான் நாய் இழுத்துக்கினு போச்சுன்னு அந்த நாய நேத்து முழுக்க திட்டிக்கினு இருந்தேன். ஏம் பாப்பா, எம்மேல என்னா கோவம்?"

"கோவம் இல்லக்கா. பாவசங்கீர்த்தனத்துல சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. அதான்."

செல்வி என்னைப் பார்த்தாள். "தாசில்தார் சார் வூட்ல பாவத்துக்குக் கூடவா பஞ்சம்?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். உப்பளத்தில் சிரிப்பு வெகுதூரம் கேட்கும்.

"மன்னிச்சிடுங்க அக்கா," என்றாள் ஷெரின்.

"மன்னிப்ப கால்ல மாட்டிக்கினு உப்புல எறங்க முடியாது பாப்பா. பூட்ஸக் குடு."

வரப்பில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். உள்ளங்காலிலும் விரலிடுக்கிலும் வெட்டுகள்; விளிம்புகள் வெளுத்திருந்தன. பூட்ஸுக்குள் காலை நுழைக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். ஷெரின் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். 'போதும், வா' என்று நான் அவள் தோளைத் தொட்டேன். எடைமேடை தலையை அசைத்தார். "பாக்கட்டும் சார்" என்றார். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதற்காக அல்ல, குழந்தையே நகரவில்லை.

அன்று மாலை ஷெரின் பாவசங்கீர்த்தனத்தில் வெகுநேரம் இருந்தாள். பின்னால் வரிசையில் நின்ற ஸ்டெல்லாவின் மகன், "இவளுக்கு மட்டும் எவ்ளோ லோடு?" என்று முணுமுணுத்தான். அந்த ஆண்டு அவன் தேறியிருந்தான். அதற்கு முந்தைய வாரம் அம்மாவின் கூடையிலிருந்து ஒரு வஞ்சிரத் துண்டை எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டு, எடைமேடை கேட்டபோது தரையைப் பார்த்தானாம்.

ஞாயிற்றுக்கிழமை ஷெரின் வெள்ளைச் சட்டையில், பூமுடியோடு நன்மை வாங்கினாள். முதல் வாசகம் நான் வாசித்தேன். ஓரிடத்தில் ஒரே வரியை இரண்டு முறை வாசித்தேன். சாம்பிராணிப் புகை அதிகம். பூசை முடிந்து உறவினர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது எடைமேடை குழந்தையின் அருகில் வந்து குனிந்தார்.

"பாப்பா, எல்லாத்தையும் எறக்கிட்ட. இப்ப லேசா இருக்குதா?"

உலகத்துக்கெல்லாம் விடை தெரிந்த மனிதர், தனக்குத் தெரிந்த விடைக்காகச் சிரித்தபடி காத்திருந்தார்.

"இல்ல தாத்தா. செல்வி அக்கா கால் இன்னும் ஆறல."

அவர் நிமிர்ந்தார். விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஏதேனும் விளக்கம் உண்டா என்று என்னைப் பார்த்தார். நான் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அவர் ஃபாதரிடம் போய், இனி வகுப்பு எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏண்ணே, நல்லாத்தான போவுது?" என்றார் ஃபாதர்.

"லோடுன்னு சொன்னாத்தான் தப்பாப் போவும், காலின்னு சொன்னா யாருக்கு என்னா நஷ்டம்னு இருந்துட்டேன் ஃபாதர். காலின்னு சொல்றதும் எடை போடறதுதான். அது எனக்குத் தெரியல." பிறகு, இவ்வளவு நேரமும் இதைத்தான் சொல்ல வந்ததுபோல, "கொழந்தைங்க லேட்டா வரட்டும்னுதான் ஃபாதர் பாத்தேன். நம்ம பக்கம் வந்து என்னா கண்டாங்க?" என்றார்.

அவரிடம் ஏதோ சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் ஃபாதர் இருந்தார். துணைத் தலைவர் ஒருவர் யோசிக்காமல் பேசக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு வருவதற்குள் மேடையில் கணினியும் கேமராவும் வந்துவிட்டன. அவருக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். கீழ்புத்துப்பட்டில் தங்கை வீட்டுக்குப் போகிறார் என்று ஸ்டெல்லா வந்து சொன்னாள். இப்போது வகுப்பை ஒரு பட்டதாரிப் பெண் நடத்துகிறார். ஏழு வயது நிறைந்தவர்கள் எல்லாரும் தேறுகிறார்கள். ஃப்ளெக்ஸ் வைத்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். பேரவைக் கூட்டத்து வடைகள் முன்பைவிட வேகமாகக் காணாமல் போகின்றன. இப்போது அவை முறைப்படி பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்படுகின்றன என்பதுதான் முன்னேற்றம். ஷெரின் சனிக்கிழமைகளில் செல்விக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். யாரும் சொல்லவில்லை, கேட்டால் பதிலும் சொல்வதில்லை. புதுச்சேரிக்கு மருந்து வாங்கப் போகும்போது நான் கீழ்புத்துப்பட்டில் இறங்குவதுண்டு. மருந்துக் கடை மரக்காணத்திலேயே இருக்கிறதே என்று மகன் கேட்கிறான். அவனுக்கு மருந்துகளைப் பற்றி என்ன தெரியும்?

கடைசியாக, ஊரில் உலவும் ஒரு பேச்சைத் திருத்த வேண்டியிருக்கிறது. பேத்தியைக் காலி வண்டி என்று சொன்ன ஆத்திரத்தில் துணைத் தலைவர்தான் எடைமேடையை ஊரைவிட்டு அனுப்பினார் என்றும், அவர் பஸ் ஏறிவிட்டாரா என்று உறுதி செய்துகொள்ளவே அன்று காலை பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நின்றார் என்றும் சொல்கிறார்கள். நான் அங்கே நின்றது உண்மை. உறுதி செய்துகொள்ள நான் போகவில்லை. அவரை இறக்கி அழைத்துவரப் போனேன். பஸ் போய்விட்டிருந்தது.